லான் சானியின் முகங்கள்: எப்படிச் செய்தார், இன்று எப்படிச் செய்வது?

கறுப்புவெள்ளை:
கறுப்பு வெள்ளையில் 12 நிமிடக் குறும்படம் ஒன்றுக்குத் தயாராகிறோம். ஒரு காட்சியில் முகமூடி கழன்று விழ, மண்டையோடு போன்ற ஒரு முகம் தெரிய வேண்டும். ரப்பர் முகமூடி வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறோம். ‘தி ஃபான்டம் ஆஃப் தி ஓபரா’ (1925) படத்தில் ஹாலிவுட் மௌனப்பட நடிகர் லான் சானி செய்ததுதான் முன்மாதிரி. தேடிப் பார்த்தால் மூக்கில் கம்பி, கண்ணில் முட்டைச் சவ்வு, முதுகில் 70 பவுண்டு ரப்பர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதில் எது நிஜம், எது விளம்பரம்? இன்று செய்யக்கூடியது எது? சானியைக் கரைத்துக் குடித்தவர்கள் இங்கே இருப்பதால் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

மௌனத்திரை:
நல்ல இழை. வரலாற்றுப் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். செய்முறையை அரிதாரம் அண்ணா சொல்வார், பிலிம் விஷயத்துக்கு ஒளிக்கற்றை இருக்கிறார்.

70 பவுண்டு ரப்பர் கூன் என்பது ‘தி ஹன்ச்பேக் ஆஃப் நாட்டர்டாம்’ (1923) படத்தை ஒட்டிக் கிளம்பிய கதை. கூன் பிளாஸ்டரில் செய்தது. எடை சுமார் 20 பவுண்டு, அதாவது 9 கிலோ. வார்பட்டை போட்டு உடம்போடு கட்டிக்கொண்டார். 9 கிலோவைச் சுமந்து, குனிந்த முதுகோடு, தேவாலய முகப்பு செட்டில் ஏறி இறங்குவதே பெரிய பாடு. அதை 32 கிலோவாக ஊதவேண்டிய தேவையே இல்லை. அந்த வேடத்துக்குத் தினமும் மேக்கப்புக்கு மட்டும் மூன்று மணி நேரம் வரை பிடித்தது.

முட்டைச் சவ்வுக் கதை ‘தி ரோட் டு மாண்டலே’ (1926) படத்தில் வரும் பார்வை போன கண்ணைப் பற்றியது. முட்டை ஓட்டின் உட்புறச் சவ்வைக் கண்ணில் ஒட்டினார் என்று பல புத்தகங்களில் வந்துவிட்டது. சானியின் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் காட்டுவது வேறு: கண்மணி மேல் பொருந்துகிற மாதிரி தனியாகச் செய்வித்த மெல்லிய கண்ணாடிச் சில்லு. இன்றைய கான்டாக்ட் லென்ஸுக்கு மூத்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் முட்டைச் சவ்வைக் கண்ணில் வைத்துப் பார்க்காதீர்கள். கிருமித் தொற்று நிச்சயம்.

மூக்குக் கம்பி பாதி நிஜம். சில ஷாட்டுகளுக்குக் கம்பி வைத்தார், அது குத்தி ரத்தம் வந்தது என்று ஃபான்டம் படத்தில் கேமரா பிடித்தவரே சொல்லியிருக்கிறார். ஆனால் மூக்கை மேலே தூக்கிய முக்கிய வேலையைச் செய்தது கம்பி இல்லை, ஒரு ஒட்டுப் பட்டை. அதை அண்ணா விளக்கட்டும்.

அரிதாரம்:
வந்துவிட்டேன். ஃபான்டம் முகத்தை மேலிருந்து கீழாகப் பிரித்துச் சொல்கிறேன். முதலில் சானி செய்தது, பிறகு இன்றைய மாற்று.

தலை. வழுக்கைத் தொப்பி ஒன்று, அதன்மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாக முடி. நெற்றி உயர்ந்ததும் முகத்தின் நீளமே மாறிவிடுகிறது. காதுகளைப் பின்னால் மடக்கி மண்டையோடு ஒட்டிக்கொண்டார். பலர் இதைக் கவனிப்பதில்லை. காது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எந்த முகமும் மண்டையோடு ஆகாது. முதலில் காதை ஒட்டுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கன்னம். பஞ்சும் கொலோடியனும். கொலோடியன் என்பது ஈதரும் சாராயமும் கலந்த கரைப்பானில் நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்த திரவம். பூசினால் கரைப்பான் ஆவியாகி மெல்லிய படலம் மிஞ்சும். செய்முறை இது: தோலை எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, கன்ன எலும்பின் மேல் ஸ்பிரிட் கம் (தோலில் ஒட்டும் மேக்கப் பசை) தடவி, அது ஒட்டும் பதத்துக்கு வந்ததும் பஞ்சை வைக்க வேண்டும். பஞ்சைக் கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது. விரலால் பிய்த்தால்தான் ஓரம் இழை இழையாக மெலிந்து தோலோடு கலக்கும். அதன்மேல் மெல்லிய கொலோடியன் பூச்சு. நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த பஞ்சு அடுக்கு. மூன்று நான்கு மெல்லிய அடுக்கு, ஒரே தடித்த அடுக்கைவிட எப்போதும் நல்லது. தடித்துப் போட்டால் உள்ளே ஈரம் தங்கும், மேலே ஆடை கட்டும், ஒரு சிரிப்புக்கே விரிசல் விடும். எல்லாம் காய்ந்த பின் கிரீஸ் பெயின்ட், பிறகு பவுடர்.

பஞ்சை வைக்கும் இடமும் முக்கியம். எலும்பு மேல் மட்டும் வையுங்கள். வாயசைவில் நகரும் தசைமேல் ஏறினால் ஓரம் பெயர்ந்துவிடும். சானியின் குளோசப்பைப் பாருங்கள், கன்னத்தின் மேல்பாதி மட்டும்தான் கட்டப்பட்டிருக்கும். கீழ்ப்பாதி குழி, அது வெறும் நிழல் வண்ணம். வாய்ப்பக்கத் தசை முழுதும் நடிப்பதற்கு மிச்சம் இருந்தது.

மூக்கு. ஒப்பனைக்காரர்கள் ‘ஃபிஷ் ஸ்கின்’ என்று சொன்ன மெல்லிய, ஒளி ஊடுருவும் பட்டையின் ஒரு நுனியை மூக்கு நுனியில் ஸ்பிரிட் கம்மால் ஒட்டி, மேலே இழுத்து, மறு நுனியை மூக்குத்தண்டின் மேல்பக்கம் ஒட்டினார். நாசித் துவாரம் முன்னோக்கித் திறந்துகொள்ளும். பிறகு துவாரத்தின் விளிம்பைக் கருமையாக்கி மேல்நோக்கி நீட்டினார். பாதி இழுப்பு, பாதி ஓவியம். இன்று செய்வதானால் மேக்கப் கடையில் கிடைக்கும் தோல்நிற லிஃப்ட் டேப் அல்லது மெல்லிய பட்டுத்துணிப் பட்டை, பிராஸ்-எய்ட் மாதிரிப் பசை போதும். பட்டையின் ஓரத்தை மெழுகால் மறைக்கலாம். கம்பி கூடவே கூடாது. நாசி உட்சவ்வு மிக மென்மையானது.

வாய். குட்டா-பெர்ச்சா என்ற மரப்பால் பொருளில் பொய்ப்பல் செய்தார். வாய்க்கோடியை இழுத்துப் பிடிக்கச் சிறு கொக்கி போன்ற நீட்சிகளும் அதில் உண்டு. பல் ஆய்வகத்தில் அச்செடுத்து அக்ரிலிக்கில் செய்துகொள்ளுங்கள், கொக்கி இல்லாமல். ஈறு தெரியும்படி பல்லை நீளமாகச் செய்தாலே உதடு தானாகப் பின்வாங்கும்.

கண். சுற்றிலும் கருவளையம், அதன் கீழ்விளிம்பில் மெல்லிய வெளிச்சக் கோடு. இந்தக் கோட்டை விட்டால் கருவளையம் தூக்கமில்லாத முகமாகத்தான் தெரியும். கோடு போட்டால் எலும்புக்குழி.

கொலோடியனுக்குப் பதில் திரவ லேடெக்ஸும் டிஷ்யூ தாளும் போதும் என்பது என் கருத்து. கொலோடியன் எளிதில் தீப்பிடிக்கும், மூடிய அறையில் ஆவி தலைசுற்ற வைக்கும், கண்ணருகே ஆகவே ஆகாது. லேடெக்ஸுக்கும் ஒவ்வாமை உண்டு. முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பார்த்துவிட்டே முகத்துக்குப் போங்கள். புருவத்துக்கு வாசலைன் தடவி மூடாவிட்டால், கழற்றும்போது முடியும் சேர்ந்து வரும்.

கறுப்புவெள்ளை:
அருமை அண்ணா. தழும்புக்கும் கொலோடியன் என்கிறார்களே, அதே திரவம்தானா?

அரிதாரம்:
வேறு. வளையும் கொலோடியனில் விளக்கெண்ணெய் மாதிரி மென்மையாக்கி சேர்ந்திருக்கும், அது படலம் கட்டுவதற்கு. இறுகும் கொலோடியனில் அது இருக்காது. காயும்போது சுருங்கி, தோலைச் சேர்த்து இழுத்துப் பள்ளமாக்கும். வெட்டுத்தழும்புக்கு இதுதான். சானி இரண்டையும் பயன்படுத்தினார். இறுகும் வகையை ஒரே இடத்தில் தினமும் போட்டால் தோல் புண்ணாகும், குறி நிற்கும். ஒரு நாள் படப்பிடிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளிக்கற்றை:
அண்ணா சொன்ன அத்தனையும் செய்து, நேரே கேமரா முன் நின்றால் சானி முகம் வராது. காரணம் பிலிம்.

1920-களின் முதல் பாதியில் ஹாலிவுட்டின் வழக்கமான பிலிம் ஆர்த்தோகுரோமாட்டிக். அது நீலத்தையும் பச்சையையும் பார்க்கும், சிவப்பைப் பார்க்காது. சிவந்த உதடு கறுப்பாக விழும். நீலக் கண் வெளிறிப் பேய்க்கண் ஆகும். பருவும் மச்சமும் நரம்பும் பல மடங்கு எடுப்பாகும். சாதாரண நடிகருக்கு இது தலைவலி, அதனால்தான் வெளிறிய அடித்தளப் பூச்சைக் குழைத்துப் பூசினார்கள். சானிக்கு இதுவே ஆயுதம். நாசி விளிம்பிலும் கண்குழியிலும் அடர்ந்த சிவப்பு, பழுப்பு வண்ணம் போட்டால் பிலிமில் அது ஓட்டையாகவே தெரியும். ஒரு சொட்டு வண்ணம், ஒரு அங்குல ஆழம். நேரில் பார்த்தால் அந்த முகம் திரையில் தெரிந்த அளவுக்குப் பயமுறுத்தியிருக்காது.

டிஜிட்டலில் இதைக் கொண்டுவர வழி உண்டு. கலரில் படமெடுத்து, எடிட்டிங்கில் சானல் மிக்சரைத் (சிவப்பு, பச்சை, நீலத்தின் பங்கைக் கூட்டிக் குறைக்கும் கருவி) திறந்து, சிவப்பு 0, பச்சை 40, நீலம் 60 என்று தொடங்குங்கள். பிறகு கண்ணுக்குப் பட்டபடி கூட்டிக் குறைக்கலாம். வழக்கமான ‘மோனோகுரோம்’ பொத்தானை அழுத்தினால் மூன்று சானலும் கலந்து, நீங்கள் போட்ட சிவப்பு நிழல் இளஞ்சாம்பலாகி முகம் தட்டையாகிவிடும்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. நீல சானலில்தான் நாய்ஸ் அதிகம், இருட்டுக் காட்சியை உயர்ந்த ஐஎஸ்ஓவில் (கேமராவின் ஒளியுணர்திறன் அளவு) எடுத்தால் புள்ளிபுள்ளியாக நிற்கும். வெளிச்சத்தைக் கூட்டி, ஐஎஸ்ஓவைக் குறைத்து எடுத்துவிட்டு, எடிட்டிங்கில் இருட்டாக்குங்கள். அடுத்தது, மஞ்சள் டங்ஸ்டன் விளக்கில் நீலம் மிகக் குறைவு. பகல்வெளிச்ச நிற எல்ஈடி போடுங்கள். அன்றைக்கும் ஸ்டுடியோக்களில் கார்பன் ஆர்க், பாதரச ஆவி விளக்கு என நீலம் மிகுந்த ஒளிதான். பழுப்புத் தோல் இந்தக் கலவையில் மேலும் கறுத்து விழும், அதனால் அடித்தளத்தை இரண்டு படி வெளிறியதாகப் போட வேண்டும். செட்டில் மானிட்டரில் இதே கலவையை லட்டாக (LUT, திரையில் தெரியும் நிறத்தை மாற்றிக் காட்டும் அமைப்பு) ஏற்றிவைத்து, அதைப் பார்த்தே மேக்கப் போடுங்கள். கண்ணாடியைப் பார்த்துப் போட்டால் வேலைக்காகாது.

நாடகப்பித்தன்:
மூன்று பேரும் முகத்திலேயே நிற்கிறீர்கள். முகமூடி கழலும்வரை ஃபான்டம் நடிப்பது கைகளால்தானே? அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒப்பனைப் பெட்டியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, சானி ஏதோ முகமூடி செய்பவர் என்ற எண்ணம் வந்துவிட்டது. ‘டெல் இட் டு தி மரைன்ஸ்’ (1926) பாருங்கள். மேக்கப் இல்லை, அவருடைய சொந்த முகம், ஒரு முரட்டு சார்ஜன்ட். எம்ஜிஎம் ஸ்டுடியோவில் அவருக்குப் பெரும் வசூல் தந்த படங்களில் ஒன்று, மரைன் படையே அவரைக் கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. பஞ்சும் கொலோடியனும் இல்லாத ஆள் இதைச் சாதித்திருக்கிறார்.

மௌனத்திரை:
இதைத்தான் அடுத்து எழுதவிருந்தேன்.

சானி பிறந்தது 1883 ஏப்ரல் 1, கொலராடோ ஸ்பிரிங்ஸ். தாய் தந்தை இருவருக்கும் காது கேட்காது. தாய்வழித் தாத்தா 1874-ல் கொலராடோவில் காது கேளாதோருக்கான பள்ளியை நிறுவியவர். அம்மா மூட்டுவாதத்தில் படுக்கையில் விழுந்தபோது, சிறுவன் லான் பள்ளியை விட்டுவிட்டு அருகிலிருந்து கவனித்துக்கொண்டான். ஊரில் யார் வந்தார், யார் என்ன செய்தார் என்பதையெல்லாம் கையாலும் முகத்தாலும் உடம்பாலும் அம்மாவுக்கு நடித்துக் காட்டினான். வாய்பேச்சே இல்லாமல் ஒரு ஆளை முழுதாகக் காட்டும் பயிற்சி மௌனப் படம் வருவதற்கு முன்பே அவருக்குக் கிடைத்துவிட்டது.

பிறகு ஊர் நாடகக் கொட்டகையில் சாமான் எடுத்துவைக்கும் வேலை, ஊர் ஊராகப் போகும் இசை நகைச்சுவைக் குழுக்களில் ஆட்டமும் நடிப்பும். 1913-ல் மனைவி கிளீவா, லாஸ் ஏஞ்சலஸில் நாடகம் நடந்துகொண்டிருந்த கொட்டகையிலேயே விஷம் குடித்தார். உயிர் பிழைத்தார், பாடும் குரல் போய்விட்டது. அந்தப் பேச்சு பரவியதும் மேடைக் கதவுகள் சானிக்கு மூடின. வயிற்றுப்பாட்டுக்காகத்தான் சினிமாவுக்கு வந்தார்.

யுனிவர்சல் ஸ்டுடியோவில் துணைநடிகர் வாழ்க்கை எப்படி என்று தெரிந்தால்தான் ஒப்பனைப் பெட்டியின் அர்த்தம் புரியும். காலையில் வாசலில் கூட்டம் நிற்கும். உதவி இயக்குநர் வந்து கிழவன் வேண்டும், கடற்கொள்ளையன் வேண்டும் என்று கூப்பிடுவார். மேக்கப்புக்கென்று தனித் துறை கிடையாது, அவரவர் முகத்தை அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும். எந்த அழைப்புக்கும் பதில் கையிலிருக்கும் பெட்டியில் இருந்தால் அன்றைக்குக் கூலி நிச்சயம். குணச்சித்திர நடிகனுக்குப் பெட்டி என்பது அரிசிப்பானை. ஜோசப் டி கிராஸ், ஐடா மே பார்க் தம்பதி இயக்கிய பல படங்களில் அவர் அப்படித்தான் பழகினார். பெயர் வளர்ந்தபின் வாரம் 125 டாலர் கேட்டதற்கு, உனக்கு 100-க்கு மேல் மதிப்பே வராது என்று ஸ்டுடியோ நிர்வாகத்தில் சொன்னார்கள் என்பது பிரபலம். வெளியேறினார். சில மாதம் வேலையில்லாமல் இருந்தபின் கௌபாய்ப் பட நட்சத்திரம் வில்லியம் எஸ். ஹார்ட் தன் ‘ரிடில் கான்’ (1918) படத்தில் வில்லனாகப் போட்டார்.

அடுத்த ஆண்டு ‘தி மிராக்கிள் மேன்’. முடமாக நடித்து ஏமாற்றும் ‘தவளை’ என்ற பாத்திரம். நோய் தீர்க்கும் பெரியவர் ஒருவர் முன் ஊர்ந்து வந்து, முறுக்கிய உடம்பை ஒவ்வொரு மூட்டாக அவிழ்த்து எழுந்து நிற்க வேண்டும். படம் தொலைந்துவிட்டது, நல்லவேளையாக அந்தத் துண்டுக் காட்சி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதில் ஒட்டுவேலை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. தோள், முழங்கால், கணுக்கால், விரல், இவைதான். 36 வயதில் சானி நட்சத்திரமானது இதனால்தான்.

நாடகப்பித்தன்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடம்பை வதைத்துக்கொண்டார் என்பதைப் பெருமையாக எழுதும் பழக்கத்தையும் விட வேண்டும். ‘தி பெனல்டி’ (1920) படத்தில் கால்களைப் பின்னால் மடித்துத் தொடையோடு கட்டி, முழங்காலைத் தோல் குவளைகளில் நுழைத்து நடந்தார். ரத்த ஓட்டம் நின்று தவித்தார் என்று கொண்டாடுகிறார்கள். குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு நடிகரைக் கட்டிப்போட்டால் என்ன ஆவது?

மௌனத்திரை:
கவலை நியாயமானது. ஒரு ஷாட்டுக்கு ஒருசில நிமிடம்தான் சானியே அதைத் தாங்கினார், இடையிடையே அவிழ்த்து மசாஜ் செய்தார்கள். முழங்காலை முழுதாக மடக்கிக் கட்டினால் முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் அழுந்தும், கால் மரத்துப்போகும், நரம்பு பாதிக்கும். இன்று யாரும் செய்யக்கூடாது. கட்டுக்கு மேலே போட்டிருந்த மேலங்கியைத்தான் படிக்க வேண்டும். பின்புறம் தொங்கும் நீளக் கோட்டு மடித்த பாதங்களை மறைக்கிறது. கேமராவும் பெரும்பாலும் முன்பக்கம் அல்லது முக்கால் பக்கம்தான்.

இன்னொரு உதாரணம் ‘தி அன்னோன்’ (1927). டாட் பிரவுனிங் இயக்கம். கையில்லாதவனாக நடிப்பவன், காலால் கத்தி எறிகிறான், காலால் சிகரெட் பிடிக்கிறான். கால் வேலைகள் பலவற்றைச் செய்தவர் நிஜமாகவே கைகள் இல்லாத பால் டெஸ்மியூக். சானி மேல்பாதி, அவர் கீழ்ப்பாதி, ஒரே சட்டகம். வலியைத் தாங்கிச் செய்வதைவிட இரண்டு உடம்பை ஒரே மூச்சில் இயக்குவது கடினமான நடிப்பு. அந்தப் படத்தில் இளம் ஜோன் கிராஃபோர்டும் இருந்தார். நடிப்பில் கவனக்குவிப்பு என்றால் என்ன என்று சானியைப் பார்த்துத்தான் கற்றேன் என்று பிற்காலத்தில் சொன்னார்.

வெண்தாமரை:
இத்தனை பாராட்டுக்கு நடுவே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘மிஸ்டர் வூ’ (1927) போன்ற படங்களில் சீனர் வேடம். கண்ணோரத்தை இழுத்து ஒட்டி, நகம் வைத்து. தொழில்நுட்பமாகப் பார்த்தால் நுணுக்கமானது. ஆனால் அதே படத்தில் சீன-அமெரிக்க நடிகை அன்னா மே வாங் சின்னத் துணை வேடத்தில் நிற்கிறார், சீன நாயகியாகப் பிரெஞ்சு நடிகை ரெனே அடோரே நடிக்கிறார். எந்த முகமும் என்னால் முடியும் என்ற திறமை அன்றைய ஹாலிவுட்டில் வேறு சிலரின் வேலையைத் தட்டிப் பறிக்கவும் பயன்பட்டது. சானியைப் படிப்பவர்கள் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மௌனத்திரை:
உண்மை. மறுக்க ஒன்றுமில்லை.

கறுப்புவெள்ளை:
ஃபான்டம் முகமூடிக் காட்சியை ஷாட் ஷாட்டாகப் பார்க்க வேண்டும். எந்தப் பிரதியைப் பார்ப்பது? ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளத்தில் இருக்கிறதே.

மௌனத்திரை:
இரண்டு படங்கள் இருக்கின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள். 1925-ல் வெளியான படம் 16 மில்லிமீட்டர் பிரதிகளாகத்தான் தப்பியிருக்கிறது, தெளிவு குறைவு. பேசும்பட அலை வந்ததும் யுனிவர்சல் அதைத் திருத்தி, ஒலி சேர்த்து மறுவெளியீடு செய்தது. தெளிவான 35 மில்லிமீட்டர் பிரதிகள் அந்தத் திருத்தத்தைச் சேர்ந்தவை. அந்த ஒலிப் பதிப்பில் சானியின் குரல் கிடையாது, அவர் அப்போது எம்ஜிஎம்மில் இருந்தார். மேக்கப்பை ஆராயத் தெளிவான பிரதி, கதையோட்டத்தை ஆராய 1925 பிரதி. முகமூடி நடனக் காட்சி இருநிற டெக்னிகலரில் (ஆரம்பகாலக் கலர் முறை) இருக்கும், உங்களுக்கு வேண்டியது அது இல்லை.

காட்சியின் கட்டமைப்பைக் கவனியுங்கள். ஃபான்டம் ஆர்கன் முன் உட்கார்ந்து வாசிக்கிறான், முகம் கேமராவைப் பார்த்து இருக்கிறது. நாயகி கிறிஸ்டீன், அதாவது நடிகை மேரி ஃபில்பின், அவன் முதுகுப்பக்கம் நெருங்குகிறாள். கை நீள்கிறது, தயங்குகிறது, பின்வாங்குகிறது, மறுபடி நீள்கிறது. முகமூடியைப் பறித்ததும் முகத்தை முதலில் பார்ப்பது நாம்தான், அவளுக்கு இன்னும் தெரியாது. அவனுடைய வாய் பிளப்பது வலியிலா கோபத்திலா என்று பிரித்தறிய முடியாது. பிறகுதான் அவன் திரும்புகிறான், அவள் பார்க்கிறாள், சுருண்டு விழுகிறாள். எழுந்து அவளை நோக்கி விரலை நீட்டுகிறான். முகத்தைத் தொடர்ந்து காட்டிக்கொண்டே இருந்திருந்தால் பார்வையாளர் பஞ்சைத் தேட ஆரம்பித்திருப்பார். வெளியீட்டுக்கு முன் அந்த முகத்தின் படம் பத்திரிகையில் வராமல் ஸ்டுடியோ காத்துவைத்ததும் இதே கணக்குத்தான்.

வெண்தாமரை:
‘லண்டன் ஆஃப்டர் மிட்நைட்’ (1927) முகமும் கேட்டுவிடலாம். கூர்ப்பல், உயரத் தொப்பி, விரிந்த கண். படம் கிடைக்கவே கிடைக்காதா?

மௌனத்திரை:
கடைசியாக அறியப்பட்ட பிரதி 1965-ல் எம்ஜிஎம் கிடங்குத் தீயில் போய்விட்டது. இன்று பார்ப்பது புகைப்படங்களை வரிசையாக வைத்து 2002-ல் தொகுத்த மறுஉருவாக்கம். சானி நடித்தவை 150-க்கும் மேல், அவற்றில் பெரும்பகுதி இப்படித்தான் அழிந்துவிட்டது. நைட்ரேட் பிலிம் தானாகச் சிதையும், சுலபத்தில் பற்றிக்கொள்ளும், ஓடி முடிந்த மௌனப் படத்தைக் காப்பாற்றி வைக்க ஸ்டுடியோக்களுக்குக் காரணமும் இல்லை.

அரிதாரம்:
அந்தக் கண்ணைப் பற்றி: மெல்லிய கம்பி வளையங்களை இமைகளுக்கு இடையே ஒற்றைக்கண்ணாடி மாதிரிப் பொருத்திக் கண்ணை உருட்டிக் காட்டினார். பல்லும் வாயை இழுத்துப் பிடித்ததால் அதை நெடுநேரம் போட்டிருக்க முடியவில்லை. இமைக்க முடியாத கண் வறண்டு சிராய்க்கும். இதற்கு மாற்று, கருமணி சிறியதான காஸ்மெடிக் லென்ஸ், அதுவும் கண் மருத்துவர் அளவெடுத்துக் கொடுத்தது மட்டும்.

ஒளிக்கற்றை:
1927-28 வாக்கில் பிலிமே மாறிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிவப்பையும் பார்க்கும் பான்குரோமாட்டிக் பிலிம் வழக்கமானது, பேசும் படத்துக்காக சத்தமில்லாத டங்ஸ்டன் விளக்குகள் வந்தன, 1928-ல் மேக்ஸ் ஃபாக்டர் அதற்கென்றே புது மேக்கப் வரிசை கொண்டுவந்தார். சிவப்பால் ஓட்டை போடும் பழைய வித்தை இனி பலிக்காது. சானி மெல்லிய சாம்பல், பழுப்பு நிழல்களுக்கு நகர்ந்தார். ‘வெஸ்ட் ஆஃப் சான்சிபார்’ (1928) பாருங்கள், முகத்தில் மிகக் குறைவான வேலை, மொட்டைத் தலை, அழுக்கு, வியர்வை. பெட்டி சிறுக்கச் சிறுக்க நடிப்பு கூடுகிறது. 1929 என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் மேக்கப் பற்றிய கட்டுரைக்குச் சானியையே அணுகினார்கள் என்றால், தொழிலில் அவர் எங்கே நின்றார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாடகப்பித்தன்:
குரலையும் சொல்லிவிடுங்கள். ஆயிரம் முகத்தான் என்றே பேசிப் பேசி, அதை மறந்துவிடுகிறோம்.

மௌனத்திரை:
ஒரே பேசும் படம், ‘தி அன்ஹோலி த்ரீ’ (1930). 1925-ல் மௌனமாகச் செய்த அதே கதை. வயிற்றுக்குரல் கலைஞன் எக்கோ, அவன் போடும் கிழவி வேடம், பொம்மை, கிளி, ஒரு பெண் என ஐந்து குரல். எல்லாம் தன் சொந்தக் குரலே என்று நோட்டரி முன் கையெழுத்திட்டுக் கொடுத்தார், ஸ்டுடியோ அதை விளம்பரமாக்கியது. கிழவி குரலைக் கேளுங்கள். சுருதியை ஏற்றிக் கீச்சிடவில்லை, வாக்கியக் கடைசியில் மூச்சை விட்டுவிடுகிறார். முதுமை அங்கேதான் வருகிறது. படம் வெளியாகி ஏழெட்டு வாரத்தில், 1930 ஆகஸ்ட் 26 அன்று, புற்றுநோய் முற்றித் தொண்டையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு 47 வயதில் இறந்தார். ‘தண்டர்’ (1929) படப்பிடிப்பில் செயற்கைப் பனித்துகள் தொண்டையில் சிக்கியதே காரணம் என்பது பரவலான கதை. அந்தப் படத்தின்போது நிமோனியாவில் விழுந்தது நிஜம், புற்றுநோயைத் துகள் தலையில் கட்டுவதற்கு ஆதாரம் இல்லை. அவருடைய ஒப்பனைப் பெட்டி இன்றும் லாஸ் ஏஞ்சலஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கறுப்புவெள்ளை:
எல்லோருக்கும் நன்றி. திட்டம் இப்படி: காது ஒட்டல், வழுக்கைத் தொப்பி, கன்னத்தில் லேடெக்ஸ்-டிஷ்யூ, மூக்குக்குப் பட்டை, அக்ரிலிக் பல், சிவப்பு நிழல், மானிட்டரில் லட். ஒரே நாள் படப்பிடிப்பு. எதை முதலில் எடுப்பது?

அரிதாரம்:
வரிசை சரி. தொப்பியை மட்டும் காதுக்குப் பிறகு மாட்டுங்கள், ஓரம் காதுமேல் படியும். மேக்கப்புக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். முடிந்த கையோடு குளோசப். வியர்வை ஏறியதும் முதலில் பெயர்வது மூக்குப் பட்டை, அடுத்து வாயோரக் கன்னம். அகல ஷாட்டுகளில் அது தெரியாது, அவற்றைக் கடைசிக்கு வையுங்கள். மூக்குப் பட்டையை 40 நிமிடத்துக்கு ஒருமுறை தளர்த்துங்கள், மூக்கு நுனி வெளுத்தால் உடனே எடுத்துவிடுங்கள். நடிகர் சாப்பிடுவதானால் மேக்கப்புக்கு முன்பே சாப்பிட்டுவிட வேண்டும், பல் வைத்தபின் ஸ்டிரா மட்டும்.

கழற்றும்போது உரிக்காதீர்கள். பசை நீக்கியைப் பிரஷ்ஷில் தொட்டு ஓரத்துக்கு அடியில் விட்டு, அது ஊறித் தானாக விடும்வரை பொறுங்கள். காதுக்குப் பின்னால் தோல் மெல்லியது, அங்கே இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். முகம் கழுவி எண்ணெய் தடவிய பிறகு, அன்றைக்கே அடுத்த ஒட்டு வேலை எதுவும் அந்த நடிகருக்கு வைக்காதீர்கள்.

ஒளிக்கற்றை:
மேக்கப் முடிந்ததும் லட் போட்ட மானிட்டரில் ஒரு சோதனை ஷாட் எடுத்து, விளக்கை நேர்முன்னிலிருந்து மெல்லப் பக்கவாட்டுக்கு நகர்த்திப் பாருங்கள். பக்க ஒளி ஏற ஏற லேடெக்ஸின் ஓரங்கள் கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். அந்த இடத்துக்குச் சற்று முன்னாலேயே விளக்கை நிறுத்திக்கொள்ளுங்கள்.